ஸ்டூக்கா விமானத்துக்கு உயிர் கொடுத்தவர்

1941-ம் ஆண்டு நவம்பர் மாதம். ஜெர்மனியின் தலைநகரான பெர்லின் நகரில் ஒரு பெரிய சவ ஊர்வலம் நடந்தது. ஆகாயப்படையின் தலைவர் கோயரிங், சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்து சென்றார்.

இறந்தவர் பெயர் எர்ன்ஸ்ட் ஊடெட். வயது 45. ஜெர்மனியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த பெயர் அது.

புதிய ஆயுதம் ஒன்றைச் சோதித்துப் பார்த்தபோது விபத்து நேர்ந்துவிட்டது, அதில் ஊடெட் இறந்துபோனார் என்று சர்க்கார் அறிவித்தது. ஜனங்கள் அதை நம்பினார்கள்; கண்ணீர் வடித்தார்கள்.

ஆனால் அறிவிப்பு முழுப் பொய். விபத்தும் நடக்கவில்லை, புதிய ஆயுதமும் இல்லை. ஊடெட் தம் வீட்டில், தம் கையாலேயே தம்மைச் சுட்டுக்கொண்டு இறந்திருந்தார்.

ஐரோப்பாவையே நடுங்க வைத்த ஸ்டூக்கா விமானத்துக்கு உயிர் கொடுத்த மனிதர் அவர். அவருக்கு ஏன் இந்த முடிவு வந்தது?

குள்ளப் பையன்

ஊடெட் 1896-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி பிராங்க்பர்ட் நகரில் பிறந்தார். வளர்ந்தது எல்லாம் மியூனிக் நகரில். தகப்பனார் சிறு தொழிற்சாலை வைத்திருந்தார். குளியல் அறைச் சாமான்கள் விற்பது அவர் தொழில்.

பையனுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. எந்த நேரமும் விமானம், விமானம் என்றே பேச்சு. அப்போது விமானம் பிறந்தே சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 13 வயதில் தன்னைப் போன்ற பையன்களைச் சேர்த்து விமான சங்கம் ஒன்றைத் தொடங்கினான். பிறகு நண்பனும் அவனுமாக, என்ஜின் இல்லாமல் காற்றில் மிதக்கும் கிளைடர் ஒன்றைச் செய்தார்கள். அது பறக்கவில்லை, நொறுங்கியது.

1914-ம் ஆண்டில் முதல் உலக யுத்தம் மூண்டது. ஊடெட் பட்டாளத்தில் சேரப் போனார். உயரம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் உயரம் 160 சென்டிமீட்டர்தான். ஆனால் அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. பரீட்சையில் தேறியதற்காகத் தகப்பனார் வாங்கிக் கொடுத்தது. சொந்த மோட்டார் சைக்கிள் உள்ளவர்களைத் தபால் கொண்டு போகும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த வழியில் ஊடெட் யுத்த களத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அவர் ஆசை என்னவோ ஆகாயத்தில்தான் இருந்தது. மியூனிக்கில் விமானத் தொழிற்சாலை வைத்திருந்த ஒருவரிடம் பறக்கக் கற்றுக்கொண்டார். அதற்குக் கட்டணம் 2,000 மார்க். அதோடு ஒரு புதிய குளியல் அறைக்கு வேண்டிய சாமான்கள்! தகப்பனார் இரண்டையும் கொடுத்தார். 1915-ம் ஆண்டு ஏப்ரலில் மகன் விமானி ஆனார்.

முதல் சண்டையில் நடுக்கம்

ஆரம்பம் நன்றாக இல்லை. குண்டுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஒரு நாள், பளு மிகுந்த விமானத்தைச் சட்டென்று திருப்பினார். அது கீழே விழுந்து நொறுங்கியது. இவர் உயிர் தப்பினார். ஆனாலும் விமானத்தைப் பாழாக்கிய குற்றத்துக்காக ஏழு நாள் காவலில் அடைத்தார்கள்.

பிறகு சண்டை விமானம் ஓட்டும் பிரிவுக்கு மாறினார். முதல் முறையாக எதிரி விமானத்தை நேருக்கு நேர் பார்த்தபோது அவர் கை ஓடவில்லை. துப்பாக்கி விசையை அழுத்த முடியாமல் உறைந்துபோனார். எதிரி சுட்டான். ஊடெட்டின் கண்ணாடி சிதறியது. உயிரோடு திரும்பியதே பெரிது.

அன்று இரவு முழுவதும் அவருக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் முதல், குறிபார்த்துச் சுடப் பழகினார். 1916-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி, கூட்டமாக வந்த 23 பிரெஞ்சு விமானங்களை மேலே இருந்து தன்னந்தனியாகப் பாய்ந்து தாக்கினார். ஒன்று தீப்பற்றி விழுந்தது. பாய்ந்து தாக்குவது அன்று முதல் அவர் ரத்தத்தில் ஊறிவிட்டது.

1917-ம் ஆண்டில் நடந்த ஒரு சம்பவத்தை அவர் சாகும் வரை மறக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்களின் பெரும் வீரரான ஜார்ஜ் கின்மெர் என்பவரோடு நடுவானில் மோத நேர்ந்தது. இருவரும் வட்டமிட்டார்கள். அந்த நேரத்தில் ஊடெட்டின் துப்பாக்கி அடைத்துக்கொண்டது. கை முஷ்டியால் அதைக் குத்திக் குத்திப் பார்த்தார். பயன் இல்லை. எதிரி அதைப் பார்த்துவிட்டார். இனி ஒரு தோட்டா போதும். கின்மெர் சுடவில்லை. கையை அசைத்துவிட்டுத் தம் நாட்டுப் பக்கம் பறந்து போனார். எதிரிக்கும் இரக்கம் காட்டும் வழக்கம் அன்றைய விமானிகளிடம் கொஞ்சம் இருந்தது. பின்னால் ஊடெட் கொண்டுவந்த யுத்தத்தில் அதற்கு இடமே இல்லை.

யுத்தம் முடிவதற்குள் ஊடெட் 62 விமானங்களை வீழ்த்தியிருந்தார். அவரைவிட அதிகமாக, 80 விமானங்களை வீழ்த்திய ஜெர்மானியர் ஒருவர்தான். சிவப்பு விமானத்தில் பறந்த மான்பிரட் ரிக்தோபன். அவரும் 1918-ல் இறந்துபோனார். உயிரோடு மிஞ்சியவர்களில் ஊடெட்டே முதல்வர். ரிக்தோபனுக்குப் பிறகு, யுத்தத்தின் கடைசி மாதங்களில் அந்தப் படைக்குத் தலைவராக வந்தவர் கோயரிங். இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது அங்கேதான்.

கைக்குட்டை வித்தை

ஜெர்மனி தோற்றது. ஆகாயப்படை வைத்துக்கொள்ளக் கூடாது என்று வெற்றி பெற்ற நாடுகள் தடை போட்டன. வீரர்கள் வேலை இல்லாமல் தெருவுக்கு வந்தார்கள். ஊடெட் விமானத் தொழிற்சாலை ஒன்றில் கூட்டாளியாக இருந்தார். சில ஆண்டுகளில் விலகிவிட்டார். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட மனைவியும் 1923-ல் விவாகரத்து ஆகிப் பிரிந்தார். யுத்த காலத்தில் அந்தப் பெண்ணின் செல்லப் பெயரைத் தம் விமானத்தில் எழுதி வைத்துக்கொண்டு பறந்தவர் அவர்!

வயிற்றுப் பிழைப்புக்கு வானத்தில் வித்தை காட்டத் தொடங்கினார். தரையில் ஒரு கைக்குட்டை கிடக்கும். ஊடெட் விமானத்தைச் சாய்த்துக்கொண்டு தரையை உரசுவது போல வருவார். இறக்கையின் நுனியால் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவார். கூட்டம் வாய் பிளந்து நிற்கும்.

சினிமாவிலும் நடித்தார். பனி மலைகளிலும் பனிக் கடலிலும் எடுத்த படங்களில் விமானியாக வந்தார். ஆப்பிரிக்காவுக்குப் போய் காட்டு மிருகங்களுக்கு மேலே பறந்தார். வேடிக்கைப் படம் வரைவதில் கெட்டிக்காரர். குடி, கும்மாளம், நண்பர்கள் என்று பொழுது போயிற்று. கையில் காசு தங்காது. ஆனால் அவர் வாழ்வில் மகிழ்ச்சியான காலம் அதுதான் என்று சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் கண்டது

1931-ம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் விமானப் பந்தயம் நடந்தது. ஊடெட்டும் வித்தை காட்டப் போயிருந்தார். அங்கே கர்ட்டிஸ் கம்பெனியின் விமானம் ஒன்று வானத்திலிருந்து செங்குத்தாகப் பாய்ந்து வருவதைப் பார்த்தார். அமெரிக்கக் கடற்படை இந்த முறையைப் பல ஆண்டுகளாகவே பழகி வந்தது. ஊடெட்டுக்கு மனம் துள்ளியது.

இந்த முறையில் என்ன விசேஷம்? சாதாரணக் குண்டு வீச்சு விமானம் நேராகப் பறந்துகொண்டே குண்டைப் போடும். குண்டு உடனே நேர் கீழே விழாது. விமானம் போகும் திசையில் முன்னோக்கிப் போய், காற்றில் ஒதுங்கி, எங்கேயோ விழும். ஒரு பாலத்தைக் குறி வைத்தால் பக்கத்து வயலில் பள்ளம் விழும். கோழிக் குஞ்சைக் கண்ட பருந்து அப்படியா செய்கிறது? இலக்கை நோக்கி நேராகப் பாய்கிறது. விமானமும் அப்படிப் பாய்ந்தால், விமானமே துப்பாக்கிக் குழல் போல ஆகிவிடும். குறி அவ்வளவாகத் தவறாது. ஒரு பாலத்தை உடைக்க நூறு விமானம் வேண்டாம். சில விமானங்களே போதும்.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். கோயரிங் விமான மந்திரி ஆனார். ரகசியமாக ஆகாயப்படை உருவாகத் தொடங்கியது. அரசியலில் அக்கறை இல்லாத ஊடெட், அந்த ஆண்டே நாஜி கட்சியில் சேர்ந்தார். அவருக்கு வேண்டியது கர்ட்டிஸ் விமானம். கோயரிங் பணத்துக்கு ஏற்பாடு செய்தார். இரண்டு விமானங்கள் கப்பலில் ஜெர்மனி வந்தன.

டிசம்பரில் அதிகாரிகள் முன்னிலையில் ஊடெட் பாய்ந்து காட்டினார். விமானம் கீழே வந்து, திரும்ப மேலே எழும்பும்போது விமானியின் உடல் எடை ஐந்தாறு மடங்கு கூடியது போல் அழுத்தும். தலையில் ரத்தம் இறங்கிக் கண் இருண்டுவிடும். பாய்ந்து பாய்ந்து ஊடெட் களைத்துப் போனார். பார்த்தவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. ஊடெட் போன்ற வித்தைக்காரரே இப்படித் தளர்ந்தால், சாதாரணச் சிப்பாய் என்ன ஆவான் என்று நினைத்தார்கள். 1934-ல் அந்த விமானங்களில் ஒன்று பாய்ந்து வரும்போதே நடுவானில் முறிந்தது. ஊடெட் பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார்.

ஒரே நாளில் மாறிய உத்தரவு

ஆனாலும் யோசனை பரவியது. யுங்கர்ஸ் கம்பெனியில் ஹெர்மன் போல்மன் என்ற என்ஜினீயர் ஒரு விமானத்துக்கு வரைபடம் போட்டார். அதுதான் யுங்கர்ஸ் 87. இறக்கைகள் முதலில் கீழ் நோக்கி வளைந்து, பிறகு மேல் நோக்கி மடங்கியிருக்கும். சக்கரங்கள் உள்ளே மடங்காது; பறக்கும்போதும் பருந்தின் நகம் போல நீட்டிக்கொண்டிருக்கும். அழகு என்பது மருந்துக்கும் கிடையாது.

1935-ம் ஆண்டு செப்டம்பரில் அது முதன்முதலாகப் பறந்தது. அதில் வைத்திருந்தது பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் என்ஜின்! பின்னாளில் பிரிட்டனைத் தாக்கிய விமானம், முதலில் எழும்பியது அந்த நாட்டு என்ஜினால்தான். 1936 ஜனவரியில் சோதனைப் பாய்ச்சலின்போது வால் உடைந்தது. உள்ளே இருந்த இருவரும் மாண்டார்கள். இரட்டை வாலை எடுத்துவிட்டு ஒற்றை வால் வைத்தார்கள்.

அப்போது தொழில்நுட்ப இலாகாவில் இருந்த வோல்ப்ராம் ரிக்தோபன் என்ற அதிகாரிக்கு இந்த விமானமே பிடிக்கவில்லை. இவர் சிவப்பு விமான வீரரின் உறவினர். இத்தனை மெதுவாகப் போகும் விமானம் பீரங்கிக்கு எளிதில் இரையாகும் என்பது அவர் கருத்து. 1936-ம் ஆண்டு ஜூன் 9-ந் தேதி, யுங்கர்ஸ் 87 வேலையை நிறுத்தும்படி உத்தரவு போட்டார்.

மறுநாள் அந்தத் தொழில்நுட்ப இலாகாவுக்குத் தலைவராக வந்தவர் ஊடெட். முதல் நாள் உத்தரவு குப்பைக்குப் போயிற்று. ஒரு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

போட்டியாக ஹைங்கெல் கம்பெனி ஒரு விமானம் செய்திருந்தது. ஊடெட் அதையும் ஓட்டிப் பார்த்தார். பாய்ச்சலின்போது அது சிதைந்தது. மறுபடியும் பாராசூட். யுங்கர்ஸ் 87 ஜெயித்தது. பாய்ந்து தாக்கும் விமானம் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லைச் சுருக்கி அதற்கு ஸ்டூக்கா என்று பெயர் வழங்கியது.

விமானி கண் இருண்டு மயங்கினாலும் பாதகம் இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். குண்டை விட்டவுடன் விமானம் தானாகவே மூக்கை மேலே தூக்கும்படி ஒரு சாதனம் பொருத்தினார்கள். வேகம் மிஞ்சாமல் இருக்க, இறக்கைக்கு அடியில் தடுப்புப் பலகைகள். கீழே உள்ள இலக்கைப் பார்க்க விமானியின் காலடியில் கண்ணாடிச் சன்னல். பாய்கிற கோணத்தை அளக்க, பக்கத்துக் கண்ணாடியில் சிவப்புக் கோடுகள். பின்னால் திரும்பி உட்கார்ந்த துப்பாக்கிக்காரர் ஒருவர்.

இன்னொன்றும் உண்டு. சக்கரக் காலில் ஒரு சங்கு. பாயும்போது காற்று பட்டு அது ஊளையிடும். கேட்பவர்களுக்குக் குலை நடுங்கும். இதுவும் ஊடெட்டின் யோசனை என்றே சொல்லப்படுகிறது. கைக்குட்டை எடுத்துக் கூட்டத்தை மயக்கியவருக்குக் கூட்டத்தைப் பயமுறுத்தவும் தெரிந்திருந்தது.

அலறல்

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு கோரம் நடந்தது. 1939 ஆகஸ்ட் 15-ந் தேதி ஒத்திகை. மேலதிகாரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரை ஓரம் மூடுபனி படிந்திருந்தது. விமானிகளுக்கு அது தெரியாது. மேகத்துக்குள் பாய்ந்த ஸ்டூக்காக்கள் மேகம் கலைந்ததும் எழும்பலாம் என்று காத்திருந்தன. மேகம் தரை வரை இருந்தது. 13 விமானங்கள் வரிசையாக மண்ணில் மோதின. 26 பேர் இறந்தார்கள்.

செப்டம்பர் 1-ந் தேதி அதிகாலையில் ஸ்டூக்காக்கள் போலந்துக்குள் புகுந்தன. அந்த உலக யுத்தத்தின் முதல் குண்டுகளில் சில அவை போட்டவை. வியலூன் என்ற சிறு ஊரில் ஜனங்கள் தூக்கத்தில் இருந்தார்கள். ஆஸ்பத்திரி மேல்கூடக் குண்டு விழுந்தது.

1940 மே மாதம் பிரான்ஸ். செடான் ஆற்றங்கரையில் இருந்த பிரெஞ்சுச் சிப்பாய்களை ஸ்டூக்காக்கள் மணிக்கணக்காக விடாமல் தாக்கின. குண்டுகளைவிட அந்த ஊளைதான் அவர்கள் மனத்தை உடைத்தது. ஆறு வாரத்தில் பிரான்ஸ் பணிந்தது. ஸ்டூக்காக்களை அங்கே நடத்திச் சென்ற தளபதி யார் தெரியுமா? அந்த விமானமே வேண்டாம் என்று உத்தரவு போட்ட அதே வோல்ப்ராம் ரிக்தோபன்!

ஜூலையில் ஊடெட்டுக்கு ஜெனரல்களில் மிக உயர்ந்த பதவி ஒன்று கிடைத்தது. அதுதான் உச்சி.

பிரிட்டன் வேறு கதை. ஸ்டூக்கா மணிக்குச் சுமார் 380 கிலோமீட்டர் போகும். பிரிட்டிஷ் சண்டை விமானமான ஸ்பிட்பயர் 550-க்கு மேல் போகும். குண்டு போட்டுவிட்டு மெல்ல மேலே ஏறும் ஸ்டூக்காவை விரட்டிப் பிடிப்பது சுலபம். 1940 ஆகஸ்ட் 18-ந் தேதி, ஒரே பிரிவில் ஒரு டஜனுக்கும் மேலான ஸ்டூக்காக்கள் திரும்பவில்லை. அதன் பிறகு அவற்றை அங்கிருந்து விலக்கிக்கொண்டார்கள். எதிர்க்க ஆள் இல்லாத வானத்தில்தான் பருந்து ராஜா என்பது தெரிந்துபோயிற்று.

மேஜைக்குப் பின்னால்

ஊடெட்டைக் கவிழ்த்தது ஸ்டூக்கா அல்ல; ஸ்டூக்கா மேல் அவர் வைத்த மோகம். குண்டு போடும் விமானம் எதுவானாலும் அது பாயத்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். மற்ற தளபதிகளும் ஒத்து ஊதினார்கள்.

யுங்கர்ஸ் 88 என்று ஒரு நல்ல விமானம் இருந்தது. வேகமாகப் பறப்பதற்காகச் செய்தது. அதையும் பாயச் செய்ய வேண்டும் என்றதும் சட்டங்களைப் பலப்படுத்தினார்கள், தடுப்புகளைச் சேர்த்தார்கள். பளு ஏறியது, வேகம் குறைந்தது, தயாரிப்பும் தாமதப்பட்டது.

ஹைங்கெல் 177 இன்னும் மோசம். நெடுந்தூரம் போகும் நான்கு என்ஜின் விமானம் அது. பெரிய வீடு போன்ற அந்த விமானமும் பாய வேண்டுமாம்! இரண்டிரண்டு என்ஜின்களை ஒன்றாகப் பிணைத்து ஒரே விசிறியைச் சுற்ற வைத்தார்கள். என்ஜின்கள் சூடேறி வானத்திலேயே தீப்பிடித்தன. மெஸ்ஸர்ஸ்மிட் 210 என்ற விமானத்தைப் பறக்கவிட்டுப் பார்க்கும் முன்பே ஆயிரம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வந்த பிறகுதான் அது ஓட்டுவதற்கே ஆபத்தானது என்று தெரிந்தது.

ஊடெட்டின் மேஜைக்கு முன்னால் தொழிற்சாலைகள், இரும்பு, அலுமினியம், ஆட்கள், கணக்குகள் என்று மலையாகக் காகிதங்கள் குவிந்தன. அவருக்குக் காகிதம் என்றாலே ஆகாது. 1938-ல்கூட, ஜெனரலாக இருந்தபோதே, ஒரு விமானத்தில் ஏறி மணிக்கு 634 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து உலக சாதனை செய்தவர் அவர். பறக்கச் சொன்னால் பறப்பார். கணக்குப் பார்க்கச் சொன்னால் அந்தக் காகிதத்திலேயே வேடிக்கைப் படம் வரைவார். கோயரிங்குக்கும் தொழில்நுட்பம் தெரியாது. தெரியாத இருவர் ஒருவரை ஒருவர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

1940-லும் 1941-லும் ஜெர்மனியைவிட பிரிட்டன் அதிக விமானங்களைச் செய்தது. 1941 ஜூனில் ஹிட்லர் ரஷ்யா மேல் படை எடுத்தார். விமானங்கள் போதவில்லை. ஹிட்லர் கோயரிங்கைக் கேட்டார். கோயரிங் ஊடெட்டைக் கைகாட்டினார். இலாகாவின் அதிகாரம் கொஞ்சம் கொஞ்சமாக மில்ச் என்ற இன்னொரு தளபதியிடம் போயிற்று. நிர்வாகத்தில் அவர் புலி. ஊடெட்டுக்கோ அவரைக் கண்டாலே ஆகாது.

ஊடெட் நிறையக் குடித்தார். தூக்கம் விரட்டும் மாத்திரைகளை விழுங்கினார். உடல் கெட்டது. சிரிக்க வைப்பவர் சிரிப்பை மறந்தார்.

1941 நவம்பர் 17-ந் தேதி காலையில் தம் தோழிக்கு டெலிபோன் செய்தார். அவள் மறுமுனையில் இருக்கும்போதே உயிரை விட்டார். கட்டிலின் தலைப்பக்கத்தில், கோயரிங் தம்மைக் கைவிட்டுவிட்டதாகக் குற்றம் சாட்டி எழுதியிருந்தார். அந்த எழுத்தை வெளியே யாரும் அறியாமல் மறைத்தார்கள். சவ அடக்கத்துக்காகக் கிளம்பிய மோல்டர்ஸ் என்ற பிரபல இளம் விமானி, வரும் வழியில் விமானம் விழுந்து இறந்தார். ஊடெட்டை பெர்லினில் மான்பிரட் ரிக்தோபனின் கல்லறைக்கு அருகில் புதைத்தார்கள். ஒரு சண்டை விமானப் படைக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

பெரிய விமானங்களும் பாய வேண்டும் என்ற விதியை 1942-ல் கோயரிங்கே ரத்து செய்தார். ஸ்டூக்கா மட்டும் ரஷ்யப் போர்முனையில் டாங்குகளைத் தாக்கிக்கொண்டு யுத்தம் முடியும் வரை பறந்தது. மொத்தம் 5,000-க்கு மேல் செய்திருந்தார்கள். ஏறக்குறைய முழு உருவத்தோடு மிஞ்சியவை இரண்டே இரண்டு. ஒன்று அமெரிக்காவில் சிகாகோ நகரிலும், மற்றொன்று லண்டனிலும் காட்சிக்கு இருக்கின்றன.

ஊடெட் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த இரண்டு கர்ட்டிஸ் விமானங்களில் ஒன்றின் உடற்பகுதியும் தப்பிப் பிழைத்தது. யுத்த காலத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று பெர்லினிலிருந்து கிழக்கே அனுப்பி வைத்திருந்தார்கள். அது இப்போது இருப்பது போலந்து நாட்டில், கிராக்கோவ் நகரத்து விமானக் காட்சிசாலையில்.